கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: இலங்கையின் கனிப்பொருள்களைத் தேடிய அறிஞர்

இப்பாடத்தில் நாம் அறிந்துகொள்வன
• ஆனந்த குமாரசுவாமியின் பிறப்பு, கல்வி, அறிவியற் பணி
• ஒரு பிரதேசத்தில் கண்டறியப்படாத உலோகத் தாது இருக்கக்கூடுமா என மதிப்பிடும் முறை
• தொரியனைற்று என்னும் கனிப்பொருள் கண்டறியப்பட்ட வரலாறு
• திருகோணமலை மாவட்டத்தின் கனிய வளங்களுடன் இவ்வரலாற்றுக்கு உள்ள தொடர்பு

1. அறிமுகம்

திருகோணமலை நகரிலிருந்து சாம்பல்தீவு ஊடாக வடக்கே செல்லும் வீதி நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து புல்மோட்டையை அடைகிறது. புல்மோட்டைக் கடற்கரையின் மணல் கறுப்பு நிறமானது. அம்மணலில் ஏறக்குறைய 70 சதவீதம் இல்மனைற்று என்னும் கனிப்பொருள் உண்டு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த தாது இது. சாம்பல்தீவிலிருந்து தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உள்ள சேருவிலப் பகுதியில் செம்பும் இரும்பும் கலந்த தாதுப் படிவு ஒன்று 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஆகவே சாம்பல்தீவு மாணவர் ஒருவரின் ஊர், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு உலோகத் தாதுப் படிவுகளுக்கு இடையில் அமைந்துள்ளது.

இவ்வாறான படிவுகள் தற்செயலாக மட்டும் கண்டறியப்படுவதில்லை. ஒரு பிரதேசத்தின் பாறைகளையும் மண்ணையும் ஒழுங்காக ஆராய்ந்து, அங்கு எந்த உலோகம் இருக்கக்கூடும் என மதிப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. அம்முறையை அரசாங்க மட்டத்தில் இலங்கை முழுவதற்கும் பயன்படுத்தும் பணி 1903ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஏறக்குறைய 25 வயதுடைய இளைஞர் ஒருவர். அவரே பிற்காலத்தில் கலாயோகி என்று உலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

கலை விமர்சகராகவும் தத்துவ அறிஞராகவும் இவரைப் பலரும் அறிவர். ஆனால் இவர் தம் வாழ்வைத் தொடங்கியது கல்லையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியலாளராகவே என்பதைச் சிலரே அறிவர். இப்பாடம் இவரது வாழ்வின் அந்தப் பகுதியை விரிவாகக் கூறுகிறது.

2. பிறப்பும் குடும்பமும்

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட புகழ்பெற்ற தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இவர் சட்ட அறிஞர். சட்டநிரூபண சபையின் உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் தந்தவர். பௌத்த பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தைச் சேர்ந்தவர். அதனாலேயே மகனின் பெயரில் கெந்திஷ் என்பது சேர்ந்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரியின் பிள்ளைகள். எனவே அவ்விருவரும் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

1879ஆம் ஆண்டு மே மாதம் முத்துக் குமாரசுவாமி காலமானார். அப்பொழுது ஆனந்தருக்கு இரண்டு வயதுகூட நிறைவடையவில்லை. தாயார் குழந்தையுடன் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். இதனால் தந்தையின் நாட்டையும் மொழியையும் நேரில் அறியாமலே ஆனந்தர் வளர்ந்தார். பின்னர் அவர் இலங்கையை அறிந்துகொண்டது முதலில் அதன் பாறைகள் வழியாகவே.

3. கல்வி

பன்னிரண்டு வயதளவில் ஆனந்தர் குளொஸ்ரசயர் பிரதேசத்திலுள்ள வைக்கிளிவ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியைச் சூழ்ந்த குன்றுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை, உயிர்ச்சுவடுகள் நிறைந்தவை. அருகிலிருந்த டோவரோ குன்றின் புவிச்சரிதவியல் பற்றி மாணவராக இருந்தபோதே கட்டுரை ஒன்றை எழுதினார். அது 1895ஆம் ஆண்டு கல்லூரிச் சஞ்சிகையில் வெளிவந்தது. தம் பள்ளிக்கு அருகில் உள்ளதையே முதலில் உற்றுநோக்கினார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1900ஆம் ஆண்டு முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய இவரது ஆய்வுக் கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. காரீயம் அக்காலத்தில் இலங்கையின் முக்கிய கனிய ஏற்றுமதிப் பொருளாக விளங்கியது.

1902ஆம் ஆண்டு இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக் கற்கள் பற்றியும், காலிப் பகுதியின் பாறைகள் பற்றியும் இரு கட்டுரைகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜி.ரி. பிரையர் என்பவருடன் இணைந்து ஒரு புதிய கனிப்பொருளை விவரித்தார். கண்டிக்கு அருகில் கிடைத்த நீல நிறக் கனிப்பொருள் அது. இலங்கையை அராபியர் அழைத்த செரண்டிப் என்னும் பழம்பெயரைக் கொண்டு அதற்குச் செரண்டிபைற்று எனப் பெயரிட்டனர்.

4. கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளர்

1903ஆம் ஆண்டு இலங்கையில் கனிப்பொருள் அளவை என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி அதன் முதற் பணிப்பாளராக நியமிக்கப்பட்டு 1906ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். ஜேம்ஸ் பார்சன்ஸ் என்பவர் அவருக்கு உதவியாளராக இருந்தார்.

குடியேற்ற நாட்டு அரசாங்கம் இவ்வளவையை ஏன் நிறுவியது? தன் ஆட்சியிலிருந்த நாடுகளில் எந்தக் கனிப்பொருள் எவ்வளவு உண்டு, அதனால் வணிகம் எவ்வளவு பெருகும் என அறிய விரும்பியது. இலண்டனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்ரிரியூட் என்னும் நிறுவனம் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த கனிப்பொருள் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பகுத்தாராய்ந்தது. மாதிரிகளைத் தேடிச் சேர்ப்பது இங்கு. பகுத்தாராய்வது அங்கு என்ற நிலை இருந்தது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. இப்பாறைகள் பல நூறு கோடி யூனிற்று விலைபெறும் தங்கச் சுரங்கங்களை மறைத்து வைத்திருக்கின்றனவா, அல்லது வெறும் கட்டடக் கற்களா என்பதை எவரும் ஒழுங்காக ஆராயவில்லை. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு இந்தச் சிறிய குழுவின்மேல் விழுந்தது. உண்டு என்று தவறாகச் சொன்னால் மக்களின் பணம் வீணாகும். இல்லை என்று தவறாகச் சொன்னால் நாட்டின் வளம் மறைந்தே கிடக்கும்.

5. தாது உண்டா என மதிப்பிடுவது எவ்வாறு?

குமாரசுவாமியின் பணியை விளங்கிக்கொள்ள, கனிப்பொருள் அளவையின் அடிப்படைப் படிகளை அறிந்துகொள்வது அவசியம். சுத்தியல், திசைகாட்டி, கைவில்லை, தேசப்படம் ஆகியனவே அக்காலத்து அளவையாளரின் முக்கிய கருவிகள்.

(அ) பாறைகளை இனங்காணல். ஒவ்வொரு தாதுவும் தனக்கு ஏற்ற பாறையிலேயே உருவாகும். ஆகவே எவ்விடத்தில் எப்பாறை உண்டு என்பதைப் படத்தில் குறிப்பது முதற் படி. இரண்டு வேறுபட்ட பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லைகள் சிறப்பாகக் கவனிக்கப்படும். அவ்வெல்லைகளிலுள்ள பிளவுகள் ஊடாகச் சூடான நீர்க் கரைசல்கள் மேலெழுந்து உலோகங்களைப் படியவிட வாய்ப்புண்டு.

(ஆ) ஆற்று மண்ணை அரித்தல். மழையும் ஆறும் மலைப் பாறைகளைச் சிதைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுவருகின்றன. பாரமான மணிகள் ஆற்றின் அடியில் தங்கிவிடும். அம்மண்ணை நீரில் அலசினால், மேலே எங்கோ உள்ள பாறையில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கும்.

(இ) பழைய தடயங்களைத் தேடல். முன்னோர் தோண்டிய குழிகள், உலோகம் உருக்கியபின் எஞ்சிய கிட்டக் குவியல்கள், ஊர்ப் பெயர்கள் என்பன அங்கு முன்னர் தாது கிடைத்ததைக் காட்டும்.

(ஈ) ஆய்வுகூடத்தில் உறுதிசெய்தல். கண்ணால் பார்த்துக் கூறுவது ஊகமே. இரசாயனப் பகுப்பாய்வே அதை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும்.

இந்நான்கு படிகளில் எதுவும் தனியே போதாது. ஒன்று தரும் சான்றை மற்றொன்று சரிபார்க்க வேண்டும். குமாரசுவாமியின் வாழ்வில் மிகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

6. தொரியனைற்றுக் கண்டறியப்பட்டமை

சப்பிரகமுவ மாகாணத்தில் இரத்தினக்கல் அகழ்வோர், நிலத்தின் கீழே உள்ள பரல் படையை இல்லம் என்பர். அந்த இல்லத்தை அள்ளிக் கூடையில் இட்டு நீரில் சுழற்றி அலசுவர். மண்ணும் இலேசான கற்களும் நீரோடு போய்விடும். மாணிக்கம், நீலம் போன்ற பாரமான கற்கள் கூடையின் அடியில் தங்கும்.

பலாங்கொடைப் பகுதியில் அவ்வாறு அலசியபோது, இரத்தினக்கற்களுடன் சிறிய கறுப்புக் கற்கள் சிலவும் தங்கின. அவை சதுரமுகி வடிவானவை. அளவில் சிறியவையாயினும் கையில் எடுத்தால் பாரம் வியப்பூட்டும். சாதாரண வெண்கல்லின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய 2.65 மடங்கு. நீலக்கல்லின் அடர்த்தி ஏறக்குறைய 4 மடங்கு. இக்கறுப்புக் கற்களோ 9 மடங்குக்கும் மேற்பட்டவை. இரத்தினக்கல் தேடுவோருக்கு இவற்றால் பயன் இல்லை.

கனிப்பொருள் அளவைக்கு இக்கற்கள் கிடைத்தபோது, முதலில் அவை யுரேனினைற்று எனக் கருதப்பட்டன. யுரேனினைற்றும் கறுப்பு நிறமானது, மிகப் பாரமானது, சதுரமுகி வடிவிலும் காணப்படுவது. ஆகவே அந்த ஊகம் நியாயமானதே. ஆயினும் ஆராய்ச்சி அத்துடன் நிறுத்தப்படவில்லை. மாதிரிகள் இலண்டனிலுள்ள இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டுக்கு அனுப்பப்பட்டன. 1904ஆம் ஆண்டு பேராசிரியர் விண்டம் டன்ஸ்ரன் தலைமையில் அங்கு நடைபெற்ற பகுப்பாய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. அக்கற்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு தோரியம் ஒட்சைட்டு ஆகும். யுரேனியம் குறைந்த அளவிலேயே இருந்தது. உலகம் அதுவரை அறியாத புதிய கனிப்பொருள் அது. தோரியம் மிகுந்திருந்தமையால் அதற்குத் தொரியனைற்று என்ற பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே, இங்கு ஒரு விடயத்தை நன்கு கவனியுங்கள். முதலில் வைத்த பெயர் பிழையானது. கையில் இருந்த பொருளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று விட்டிருந்தால், புதிய கனிப்பொருள் ஒன்று குப்பையோடு போயிருக்கும். ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தியதாலேயே உண்மை வெளிப்பட்டது. இக்கண்டுபிடிப்பு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பரலை அலசிய தொழிலாளி, அதைச் சேகரித்து ஆராய்ந்த குமாரசுவாமி, பகுத்தாராய்ந்த இலண்டன் விஞ்ஞானிகள் ஆகிய எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

7. தொரியனைற்றின் பயன்

மின்விளக்குப் பரவாத அக்காலத்தில் வாயு விளக்குகளின் மென்டில் செய்வதற்குத் தோரியம் ஒட்சைட்டு தேவைப்பட்டது. நம் நாட்டுக் கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் பின்னர் ஒளி தந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டிலும் அவ்வகையானதே. சூடாகும்போது வெண்ணிற ஒளியை வீசும் தன்மை இதற்கு உண்டு. அதனால் தொரியனைற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. தோரியம் கதிர்வீச்சு உடையது என்பதால் இன்று மென்டில்களில் பெரும்பாலும் வேறு பொருள்களே பயன்படுகின்றன.

விஞ்ஞான உலகில் இதன் பயன் மேலும் பெரிது. இலண்டனில் சேர் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்ற வந்த ஒட்டோ ஹான் என்ற ஜேர்மானிய இளைஞர், இலங்கையிலிருந்து வந்த தொரியனைற்றைப் பயன்படுத்தி ஆராய்ந்தார். அதிலிருந்து கதிர்வீச்சுள்ள புதிய பொருள் ஒன்றை வேறாக்கினார். 1905இல் அறிவிக்கப்பட்ட அப்பொருளுக்குக் கதிர்த்தோரியம் எனப் பொருள்படும் பெயர் வழங்கப்பட்டது. அதே ஒட்டோ ஹான் பின்னர் 1938இல் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்த ஆய்வில் முதன்மை பெற்று, 1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசைப் பெற்றார். அவரது கதிரியக்க ஆய்வின் முதற் படி சப்பிரகமுவப் பரலில் கிடைத்த கறுப்புக் கல் ஆகும்.

எனினும் இலங்கையின் தொரியனைற்று அளவிற் சிறியது. பரல்களில் சிதறிக் கிடந்தது. 1909ஆம் ஆண்டு திருவிதாங்கூர்க் கடற்கரையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பகுதியை உள்ளடக்கிய கரையோரத்தில், தோரியம் உள்ள மொனசைற்று மணல் கண்டறியப்பட்டது. கடற்கரையில் குவிந்து கிடந்த மணலை அள்ளுவது பரலில் ஒவ்வொரு கல்லாகத் தேடுவதிலும் இலகுவானது. ஒரு கனிப்பொருள் அரியதாக இருப்பது மட்டும் போதாது. அது போதிய அளவில் ஓரிடத்தில் திரண்டிருந்தாலே பெருந்தொழிலாக வளரும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

8. இரும்பு உருக்குவோரைச் சந்தித்தல்

அளவைப் பயணங்களின்போது குமாரசுவாமி கிராமம் கிராமமாகச் சென்றார். சப்பிரகமுவவின் ஹத்தரபாகே என்னும் ஊரில் பரம்பரை முறைப்படி இரும்பு உருக்குவதையும், அலுத்நுவர என்னும் ஊரில் உருக்குச் செய்வதையும் கண்டு விவரமாகக் குறித்துவைத்தார். சிறிய களிமண் உலையில் தாதுவையும் மரக்கரியையும் இட்டு, காலால் மிதிக்கும் தோற்றுருத்தியால் காற்றூதி இரும்பைப் பிரித்தெடுத்தனர். அவ்விரும்பை மரத்துண்டுகளுடன் களிமண் குழாயில் அடைத்துச் சூடாக்கி உருக்காக மாற்றினர்.

அக்காலத்தில் கப்பல் மூலம் மலிவான இரும்பு வந்து குவிந்தது. அதனால் இத்தொழில் அருகிக்கொண்டிருந்தது. அரசாங்கம் அவரை அனுப்பியது மண்ணில் உள்ள வளத்தை எண்ணுவதற்கு. அவரோ, அந்த வளத்தைப் பயன்படுத்தும் அறிவு மக்களிடமிருந்து மறைந்துகொண்டிருப்பதையும் கண்டார். தாது மண்ணில் இருந்தால் பிறகும் தோண்டலாம். கைத்தொழில் அறிவு ஒரு தலைமுறையில் விடுபட்டால் மீளக் கிடைப்பது அரிது. இந்த எண்ணமே அவரைக் கனிப்பொருளிலிருந்து கலைக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

அவரது குறிப்புகள் வீண்போகவில்லை. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தால் இயங்கிய பழங்கால இரும்பு உலைகள் பலவற்றை கில் ஜூலெவ் என்னும் தொல்லியலாளர் ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். இலங்கையின் பண்டைய இரும்புத் தொழிலை ஆராய்வோர் குமாரசுவாமி எழுதிவைத்த விவரங்களை இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

9. அளவை காணாதவை

1903 முதல் 1906 வரையான குறுகிய காலத்தில், மிகச் சிலர் கால்நடையாகச் சென்று செய்த அளவை அது. நிலத்தின் மேல் தெரியும் பாறையையும் ஆற்று மண்ணையுமே அவர்களால் பார்க்க முடிந்தது. நிலத்தின் அடியில் முற்றாக மறைந்திருப்பதைக் காண அவர்களிடம் கருவி இருக்கவில்லை.

அப்பணி பின்வந்தோரால் தொடரப்பட்டது. 1938 முதல் 1944 வரை இந்தியப் புவிச்சரிதவியலாளர் டி.என். வாடியா இலங்கை அரசாங்கக் கனிப்பொருளியலாளராகக் கடமையாற்றினார். பின்னர் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் வளர்ச்சியடைந்தது. புவியின் காந்தப் புலத்தில் இடத்துக்கிடம் ஏற்படும் மாற்றத்தை அளக்கும் முறை பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பனிரெண்டாவையில், மண்ணால் மூடப்பட்டு மேலே எந்த அடையாளமும் இல்லாதிருந்த காந்த இரும்புத் தாதுவைக் கண்டறிய முடிந்தது.

1971ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பகுதியில் செம்பு, காந்த இரும்பு ஆகியவற்றின் தாதுப் படிவு கண்டறியப்பட்டது. இலங்கையின் பாறைகளை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி எனப் பிரிப்பர். சேருவிலப் படிவு உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. பாறை எல்லைகளைக் கவனிக்க வேண்டும் என மேலே படித்தோம் அல்லவா? அதன் காரணம் இங்கு தெளிவாகிறது. எங்கும் தேடுவதைவிட, வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் தேடுவதே மதிப்பீட்டின் நோக்கம்.

இதிலிருந்து ஒரு முக்கிய கருத்தைப் பெறலாம். ஒரு பிரதேசத்தில் தாது காணப்படவில்லை என்று ஓர் அறிக்கை கூறினால், அங்கு தாது இல்லை என்பது அதன் பொருளன்று. இன்ன முறையால், இன்ன இடத்தில், இன்ன ஆழம் வரை தேடியபோது காணப்படவில்லை என்பதே பொருள். அதுபோல, தாது கண்டறியப்பட்டது என்றால் உடனே சுரங்கம் தோண்டலாம் என்பதும் பொருளன்று. தாதுவின் அளவு, அதிலுள்ள உலோகத்தின் வீதம், ஆழம், செலவு, அங்கு வாழும் மக்களின் நிலம், நீர், தொழில் ஆகிய யாவற்றையும் எண்ணியே முடிவெடுக்க வேண்டும்.

குமாரசுவாமி தொடங்கிவைத்த பணியை இலங்கையில் இன்று புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் செய்துவருகிறது. அது 1993ஆம் ஆண்டு இப்பெயரில் அமைக்கப்பட்டது.

10. பிற்கால வாழ்வு

இலங்கை புவிச்சரிதவியல் பற்றிய ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. இலங்கையில் இருந்த காலத்திலேயே சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். மக்கள் தம் தாய்மொழியையும் கலைகளையும் மறந்து மேலைநாட்டாரைப் போலிசெய்வதைக் கண்டித்தார். பாடசாலைகளில் தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும் என வலியுறுத்தினார்.

1908ஆம் ஆண்டு மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய இவரது பெருநூல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அச்சிடப்பட்ட அந்நூலில் 425 பிரதிகளே அச்சாயின. அதற்குரிய நிழற்படங்கள் பலவற்றை அவரது துணைவியார் எதெல் எடுத்திருந்தார். கல், மரம், இரும்பு, பித்தளை, பொன், தந்தம், மட்பாண்டம் எனப் பொருள்வாரியாகக் கைவினைகளை அந்நூல் ஆராய்கிறது. பாறைகளை வகைப்படுத்திப் பழகிய கண் கலைகளையும் அவ்வாறே ஒழுங்காக நோக்கியது.

பின்னர் இந்தியாவில் தங்கிப் பழைய ஓவியங்களைத் தேடிச் சேகரித்தார். 1916இல் ராஜபுத்திர ஓவியம் பற்றிய நூலை வெளியிட்டார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளரானார். சிவ நடனம் பற்றிய கட்டுரையைத் தலைப்பாகக் கொண்ட இவரது கட்டுரைத் தொகுதி 1918இல் வெளிவந்தது. தில்லைக் கூத்தனின் திருவுருவத்தின் உட்பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியதில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

எழுபதாவது வயதில் பணியிலிருந்து ஓய்வுபெற்று இந்தியாவுக்குச் சென்று வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 9ஆம் திகதி, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்னும் ஊரில் காலமானார்.

11. முடிவுரை

ஆனந்த குமாரசுவாமி இலங்கையில் கனிப்பொருள் அளவையாளராகப் பணியாற்றியது மூன்று, நான்கு ஆண்டுகளே. எனினும் அக்குறுகிய காலம் நமக்குப் பல பாடங்களைத் தருகிறது. அருகில் உள்ளதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிறர் பயனற்றது என ஒதுக்கியதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊகத்தை நாமே சோதிக்க வேண்டும். பிழை எனத் தெரிந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். கண்டதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தமுறை மழை ஓய்ந்தபின் உங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்திலோ கடற்கரையிலோ மணலில் கறுப்பு வரிகளைக் கண்டால், ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அருகே கொண்டுசென்று பாருங்கள். ஒட்டுவது எது, ஒட்டாதது எது எனக் குறித்துக்கொள்ளுங்கள். கனிப்பொருள் அளவை அவ்வாறான சிறு சோதனையிலிருந்தே தொடங்குகிறது.

நினைவிற் கொள்க
1877 – கொழும்பில் பிறப்பு
1900 – இலண்டனில் பட்டம். காரீயம் பற்றிய கட்டுரை
1903 – கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளர்
1904 – தொரியனைற்றுப் புதிய கனிப்பொருள் என உறுதியாதல்
1908 – மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய நூல்
1917 – பொஸ்ரன் நூதனசாலையில் பணி
1947 – மறைவு

பயிற்சி வினாக்கள்
1. ஆனந்த குமாரசுவாமியின் பெற்றோர் யாவர்?
2. செரண்டிபைற்று என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. கனிப்பொருள் அளவையின் நான்கு படிகளையும் சுருக்கமாக எழுதுக.
4. தொரியனைற்று முதலில் யுரேனினைற்று எனக் கருதப்பட்டமைக்குக் காரணங்கள் யாவை? உண்மை எவ்வாறு வெளிப்பட்டது?
5. பாரமான கனிப்பொருள்கள் கூடையின் அடியில் தங்குவதற்கான காரணத்தை அடர்த்தியைக் கொண்டு விளக்குக.
6. தாது காணப்படவில்லை என்பதற்கும் தாது இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சேருவில, பனிரெண்டாவை ஆகியவற்றை உதாரணமாகக் கொண்டு விளக்குக.
7. மண்ணில் உள்ள வளம், மக்களிடம் உள்ள தொழிலறிவு ஆகிய இரண்டில் எதைப் பாதுகாப்பது அவசரமானது? இப்பாடத்தை ஆதாரமாகக் கொண்டு உமது கருத்தை ஏறக்குறைய 100 சொற்களில் எழுதுக.